காற்புள்ளி இல்லாத வரி

முதல் பத்து ஒற்றைப்படை எண்களை எழுதச் சொல்லியிருந்தேன். எட்டாவது படிக்கும் ஒரு பெண் காற்புள்ளியும் போடாமல் இடமும் விடாமல் ஒரே மூச்சில் எழுதியிருந்தாள்: 135791113151719. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "காற்புள்ளி எங்கே?" என்று கேட்டு வைத்தேன். மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு மாடி ரூமில் சாயங்கால ட்யூஷன். ஒரு ஃபேன், பதினெட்டுப் பிள்ளைகள். கீழே பைப்பில் தண்ணீர் வந்துவிட்டால் பாதிப் பேர் குடத்தோடு இறங்கிவிடுவார்கள். அப்படி இறங்கியிருந்த ஒரு பத்து நிமிஷத்தில், கை சும்மா இருக்காமல், அந்தப் பதினைந்து இலக்கத்தையும் போனில் தட்டிக் காரணி கேட்டேன். வேறு காரணி கிடையாது என்று பதில் வந்தது. அது பகா எண்.

பத்தில் நிறுத்தச் சொன்னது நான். ஒன்பதில் நிறுத்தியிருந்தால் 3-ஆல் வகுபட்டிருக்கும். பதினொன்றிலிருந்து பதினைந்து வரை எதில் நிறுத்தியிருந்தாலும் பகு எண்தான். வட்டம் போட்ட இடத்தில் இப்படி ஒன்று உட்கார்ந்திருந்ததால், இந்த வரியைப் பற்றி இதுவரை யார் யார் என்ன கண்டிருக்கிறார்கள், எதைக் காண முடியவில்லை என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததும் நானே போட்டுப் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

கேள்வி இதுதான். 1, 13, 135, 1357, 13579, 1357911 என்று ஒற்றைப்படை எண்களை ரயில் பெட்டிபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகிறோம். ஒவ்வொரு முறையும் கிடைக்கும் எண் பகா எண்ணா? அப்படிப்பட்டவை எத்தனை? தீர்ந்துபோகுமா, வந்துகொண்டே இருக்குமா?

முதலில் பென்சிலால் ஆகிற மட்டும் பார்ப்போம். 13 பகா எண். 135 ஐந்தில் முடிகிறது, தள்ளலாம். 1357 பார்வைக்குப் பகா எண் போலத்தான் இருக்கும். 7, 11, 13, 17, 19 எல்லாவற்றையும் ஏமாற்றிவிட்டு 23-இல் மாட்டும்: 23 × 59. அடுத்தது 13579, இது 37 × 367. ஐந்து ஒற்றை இலக்கங்களும் வரிசையாக நிற்கும் அந்த அழகான எண் உடைவதில் எனக்கு இன்னும் ஒரு சின்ன வருத்தம் உண்டு. 1357911-ஐ 27-ஆல் வகுக்கலாம். மிச்சம் 19 × 2647.

ஏழாவது, 135791113. இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும். சிறிய பகா எண்ணிலிருந்து ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 1400 பகா எண்களைத் தாண்டிய பிறகே விடை கிடைக்கும். நோட்டு தீர்ந்துவிடும். ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கறிஞர் ஃபெர்மா சொன்ன குறுக்குவழி ஒன்று இருக்கிறது: எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுத முடியுமா என்று பார். நம் எண்ணின் வர்க்கமூலம் 11652-க்கு மேல், 11653-க்குச் சற்றே கீழ். 11653-ஐ அதனாலேயே பெருக்கினால் 135792409. அதில் நம் எண்ணைக் கழித்தால் 1296. அது 36-இன் வர்க்கம்! ஆக 11653-இலிருந்து 36-ஐக் கழித்தால் ஒரு காரணி, கூட்டினால் மற்றது: 11617 × 11689. இரண்டும் பகா எண்கள். ஒரு வழியில் ஆயிரத்து நானூறு தடவை வகுத்தால் கிடைப்பது, இன்னொரு வழியில் முதல் தட்டிலேயே திறந்துகொள்கிறது. ஃபெர்மாவின் முறை எல்லா எண்ணுக்கும் இப்படி உடனே பலிக்காது. காரணிகள் அருகருகே இருந்தால்தான் பலிக்கும். ஒன்பது இலக்க எண்ணுக்கு 72 மட்டுமே இடைவெளி உள்ள இரண்டு காரணிகள் ஏன் வாய்த்தன என்றால், வாய்த்தன, அவ்வளவுதான்.

பென்சிலால் இன்னொரு வேலையும் ஆகும்: எவை ஒருநாளும் பகா எண் ஆகாது என்று முன்கூட்டியே தள்ளுவது. 10, 100, 1000 எதை 3-ஆல் வகுத்தாலும் மீதி 1. அதனால் எண்களைக் கோப்பதும் கூட்டுவதும் 3-இன் கண்ணுக்கு ஒன்றுதான். முதல் n ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை n-இன் வர்க்கம் என்பது எட்டாவதுப் பிள்ளைக்குத் தெரியும். ஆகவே n மூன்றின் மடங்காக இருந்தால், கோத்த எண்ணும் மூன்றின் மடங்கு. இல்லாவிட்டால் 3 அதைத் தொடவே தொடாது. n 3-இலோ 8-இலோ முடிந்தால், கடைசிப் பெட்டி 5-இல் முடியும்; அதையும் தள்ளலாம். பதினைந்துக்கு ஏழு தள்ளுபடி, எட்டு மிச்சம். 7-உம் 11-உம் 13-உம் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை.

அந்த எட்டுக்கு வகுத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி வேண்டும். நோட்டில் வட்டம் போட்டேனே, அந்தப் பதினைந்து இலக்க எண்ணையே எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கமூலம் 1 கோடியே 16 லட்சத்துக்கு மேல். அதுவரை உள்ள பகா எண்கள் ஏழரை லட்சத்துக்கும் அதிகம். நிமிஷத்துக்கு ஒன்றாக ராப்பகலாக வகுத்தாலும் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆகும். போன் அதைக் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். ஆனால் சில நூறு இலக்கம் உள்ள எண்ணிடம் வகுத்தல் முறையைக் கொண்டுபோனால் எந்த யந்திரமும் கைவிரித்துவிடும். அங்கே வேலை செய்வது ஃபெர்மாவின் இன்னொரு கண்டுபிடிப்பு. N பகா எண் என்றால், 2-ஐ N−1 தடவை பெருக்கி N-ஆல் வகுக்க, மீதி 1 வந்தே தீரும் (N ஒற்றைப்படையாக இருந்தால்). வராவிட்டால் அது பகு எண். காரணி எது என்று தெரியாமலே தீர்ப்பு எழுதிவிடலாம். வந்தால்? அநேகமாகப் பகா எண். 'அநேகமாக' என்ற சொல்லை விட முடியாது, ஏனென்றால் 341 இந்தச் சோதனையில் தேறிவிடும். அதுவோ 11 × 31. ஆள்மாறாட்டக்காரர்கள் குறைவு, ஆனால் இருக்கிறார்கள்.

சந்தேகமில்லாத சான்றுக்குத் தனி வழிகள் உண்டு. அதில் இந்தியாவுக்கு ஒரு பங்கு இருக்கிறது. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும், எந்த எண்ணையும் பகா எண்ணா என்று ஐயத்துக்கு இடமில்லாமல், எண்ணின் நீளத்துக்கு ஏற்ற மிதமான நேரத்தில் சொல்லிவிடலாம் என்று நிறுவினார்கள். கொள்கை அளவில் கேள்வியை முடித்துவைத்த வேலை அது. நடைமுறையில் வேறு முறைகள்தான் வேகம். பெரிய எண்களுக்கு இன்றும் அவற்றைத்தான் எடுக்கிறார்கள். 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்த மெர்சென் எண்களுக்கு மட்டும் உடம்பிலேயே ஒரு வாகு உண்டு. அதனால்தான் 2024 அக்டோபரில் 4 கோடியே 10 லட்சம் இலக்கம் உள்ள ஒன்றைப் பகா எண் என்று துணிந்து அறிவிக்க முடிந்தது. நம் கோத்த எண்ணுக்கு அந்த வாகு கிடையாது. ஒன்றைக் கூட்டினாலும் கழித்தாலும் அது எந்தச் சூத்திரத்துக்கும் சொந்தக்காரன் இல்லை.

இதுவரை தெரிந்த பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். n = 2, 10, 16, 34, 49, 2570. அதாவது 13, 19-இல் முடியும் 15 இலக்க எண், 31-இல் முடியும் 27 இலக்க எண், 67-இல் முடியும் 63 இலக்க எண், 97-இல் முடியும் 93 இலக்க எண். அப்புறம் ஒரு பெரிய பாலைவனம். அதைத் தாண்டினால் 5139-இல் முடியும் 9725 இலக்க எண். 1998 ஆகஸ்டில் எரிக் வைஸ்ஸ்டைன் கண்டெடுத்தது அது. 9725 எப்படி வந்தது என்று நீங்களே கூட்டிப் பார்க்கலாம்: ஓரிலக்க ஒற்றைப்படை எண்கள் 5, ஈரிலக்கம் 45, அவை தருவது 90 இலக்கம், மூவிலக்கம் 450, தருவது 1350, 1001-இலிருந்து 5139 வரை 2070 எண்கள், தருவது 8280. நீல் ஸ்லோன் 1964-இல் சேகரிக்கத் தொடங்கி, 1973-இல் புத்தகமாக்கி, பின்பு கணினிக்குக் கொண்டுபோன முழுவெண் வரிசைக் கலைக்களஞ்சியத்தில் நம் வரிசைக்கு ஏ019519 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். இந்த வகையறா முழுவதையும் ருமேனியாவில் பிறந்த ஃப்ளோரெண்டின் ஸ்மரண்டாக்கேயின் பெயரால் சொல்வதும் உண்டு. அவர் பெயர் ஒட்டிய வரிசைகள் ஏராளம்; ஒட்டுவது என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு பொருள்.

தீருமா, தீராதா என்ற கேள்விக்கு நிரூபணம் இல்லை. ஆனால் மதிப்பீடு போடலாம். நான் போட்டதைச் சொல்கிறேன், சரிபாருங்கள்.

1896-இல் நிறுவப்பட்ட பகா எண் தேற்றத்தின்படி D இலக்கம் உள்ள எண்களில் ஏறக்குறைய 2.3 × D-க்கு ஒன்று பகா எண். நம்முடையவை எல்லாம் ஒற்றைப்படை என்பதால் வாய்ப்பு இரட்டிக்கும். 3-உம் 5-உம் இந்த வரிசையில் தள்ளுவது, பொதுவாக எந்த எண்களிலும் தள்ளுகிற அதே வீதம்தான். அதனால் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை. இப்போது k இலக்க எண்களைக் கோக்கும் கட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் நீளம் k கூடுகிறது. கட்டம் முடியும்போது மொத்த நீளம் பத்து மடங்குக்குச் சற்று மேல் போயிருக்கும். வாய்ப்புகளைக் கூட்டினால் மேலே ஒரு 2.3 வந்து கீழே உள்ள 2.3-ஐ அடித்துவிடுகிறது. மிஞ்சுவது வெறும் 2/k. ஈரிலக்கக் கட்டத்தில் ஒன்று, மூவிலக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நாலிலக்கத்தில் அரை, ஐந்தில் ஐந்தில் இரண்டு. தோராயம்தான், கொஞ்சம் குறைத்தே சொல்லும். இரண்டிலிருந்து நான்கிலக்கம் வரை ஏறக்குறைய இரண்டு கிடைக்கும் என்கிறது கணக்கு. உண்மையில் கிடைத்தவை ஐந்து. 10, 16, 34, 49 என்று நான்கு ஈரிலக்கக் கட்டத்திலேயே கொட்டிவிட்டன. அதிர்ஷ்டம்தான்.

1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடர் எந்த எல்லையிலும் நிற்காது என்பது பழைய செய்தி. அதனால் நம் பகா எண்களும் தீராது என்று நம்பலாம். நம்பலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொடர் வளரும் வேகம் இருக்கிறதே, அது மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கும்போது சயான் அருகே வண்டி நகரும் வேகம். ஐந்து, ஆறு, ஏழு இலக்கக் கட்டங்கள் மூன்றையும் சேர்த்தால்தான் கணக்கு ஒன்றைத் தொடுகிறது. ஏழிலக்கக் கட்டத்தின் கடைசியில், அதாவது 9999999-ஐக் கோத்து முடிக்கும்போது, நம் எண்ணின் நீளம் எவ்வளவு தெரியுமா? 5, 95, 1445, 19445, 244445, 2944445 என்று கட்டத்துக்குக் கட்டம் ஏறி 34444445 இலக்கம். மூன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. இதுவரை தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணோடு தோள் உரசுகிற நீளம், ஆனால் மெர்சென் எண்ணுக்கு உள்ள வாகு எதுவும் இல்லாமல். இன்னும் ஒன்று வேண்டும் என்பவர் அதுவரை போகத் தயாராக இருக்க வேண்டும்.

உறவுக்கார வரிசைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இரட்டைப்படையைக் கோத்தால் 2-ஐத் தவிர எதுவும் தேறாது. எல்லா எண்களையும் விடாமல் கோத்தால் 1, 12, 123, 1234; இதில் லட்சக்கணக்கான உறுப்புகள் வரை தேடியும் ஒரு பகா எண்கூடச் சிக்கவில்லை. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அங்கே மூன்றுக்கு இரண்டை 3 விழுங்கிவிடுகிறது, பாதியை 2 விழுங்குகிறது, 5-உம் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. பதினைந்துக்கு இரண்டுதான் மிச்சம். நம் வரிசையின் வாய்ப்பில் கால் பங்கு. அதையே தலைகீழாக, பெரியதிலிருந்து 1 வரை இறங்கி எழுதினால் 82-இல் தொடங்குவது பகா எண், 155 இலக்கம்; அடுத்தது 37765-இல் தொடங்குவது, 177719 இலக்கம். பகா எண்களையே கோத்தால் 2, 23, 2357 மூன்றும் பகா எண்கள். நான்காவது ஒன்றுக்கு 719 வரை கோத்து 355 இலக்கத்துக்குப் போக வேண்டும்.

ஏறி இறங்குவதும் உண்டு. அதற்கு மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ வண்டி பிடித்து, சயான், குர்லா, காட்கோபர், முலுண்ட், தாணே எல்லாம் தாண்டி டோம்பிவிலி போக வேண்டும். அந்த ஸ்டேஷனின் பழைய பெயர் டெம்லோ. 1905-இல் டகாணுவில் பிறந்த தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேகர் அங்கேதான் ஒருவகை எண்களைப் பற்றிய யோசனை தோன்றியது என்று, ஸ்டேஷன் பெயரையே அவற்றுக்கு வைத்துவிட்டார். நாசிக் அருகே தேவ்லாலியில் 1930 முதல் 1962 வரை பள்ளிக்கூட வாத்தியார். பல்கலைக்கழகப் பட்டம் இளங்கலையோடு சரி. எண்களைப் பற்றித் தாமே சிறு புத்தகங்கள் போட்டு வந்தார். 6174 என்ற எண்ணின் விந்தையை அவர் கண்டது 1949-இல். 1975-இல் அமெரிக்காவில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ட்யூஷன் வாத்தியார்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி.

டெம்லோ எண்களில் அழகானவை 1, 121, 12321, 1234321 என்று ஏறி இறங்குபவை. இவை 1, 11, 111, 1111-இன் வர்க்கங்கள். ஆகவே பகா எண் ஆக வழியில்லை. ஒன்பது ஒன்றுகளின் வர்க்கம் 12345678987654321 வரை, வரிசையாக எழுதுவதும் பெருக்குவதும் கைகோத்துப் போகின்றன. பத்தில் கை விடுபடுகிறது. பத்து ஒன்றுகளைத் தம்மாலேயே பெருக்கினால் 1234567900987654321. மிச்சம் எடுத்துக் கூட்டும்போது இலக்கங்கள் குழம்பிவிடும். பெருக்காமல் எழுதிக்கொண்டே போனால் 12345678910987654321. முதலாவது வர்க்கம். இரண்டாவது பகா எண்! 2446 வரை ஏறி இறங்கினால் இன்னொன்று கிடைக்கிறது என்று சோதனை சொல்கிறது, 17350 இலக்கம்.

இந்தக் கேள்வியின் சிக்கல் முழுவதும் அந்தப் பத்தாவது படியில் இருக்கிறது என்பது என் எண்ணம். கோப்பது என்பது எழுத்து வேலை. பகா எண் என்பது பெருக்கல் சங்கதி. எண்ணுக்கு எழுத்து உடம்பு இல்லை, சட்டைதான். இதே ஒற்றைப்படை எண்களை இரண்டின் அடிமானத்தில், கணினி எழுதுகிறபடி 1, 11, 101, 111 என்று கோத்தால் முதலில் 111, அதாவது 7, பகா எண். அடுத்து 111101, அதாவது 61, அதுவும் பகா எண். அதற்கடுத்தது 495, ஐந்தின் மடங்கு. பத்தின் அடிமானத்துப் பட்டியலோடு எந்த ஒட்டும் கிடையாது. இன்னும் பின்னால் போய்த் தமிழ் இலக்கத்தைப் பாருங்கள். பழைய கணக்கில் பதின்மூன்று ௰௩. நூற்று முப்பத்தைந்து ௱௩௰௫. பத்துக்கும் நூறுக்கும் தனிக் குறி இருந்ததால் ௧-ஐயும் ௩-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதின்மூன்று ஆகாது. ஊர்க்கணக்குப் பிள்ளை ஒருவருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பெரிய கணித மேதைகள் இப்படிப்பட்ட எண்களை ஒதுக்குவதற்கும் இதுதான் காரணம். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி, 1940-இல் எழுதிய தன் புகழ்பெற்ற சிறு நூலில், 8712-உம் 9801-உம் தம்மைத் திருப்பிப் போட்ட எண்ணின் மடங்குகள் என்பதைச் சொல்லி (2178-இன் நான்கு மடங்கு, 1089-இன் ஒன்பது மடங்கு), இதெல்லாம் பத்திரிகைப் புதிர்ப் பகுதிக்குத்தான், கணிதக்காரனுக்கு அல்ல என்ற தொனியில் தள்ளிவிட்டார். கப்ரேகர் தன் வாழ்நாளில் கேட்ட ஏளனம் எல்லாம் இந்த வகையே. ஆனால் அதே ஹார்டி, இரண்டு வருஷம் முன்பு ரைட்டுடன் சேர்ந்து எழுதிய எண் கோட்பாட்டுப் பாடநூலில், பகா எண்களைக் கோத்த 0.2357111317… என்ற தசமம் விகிதமுறா எண் என்று பக்கம் ஒதுக்கி நிறுவுகிறார். கோத்த எண்களை அவராலும் முழுசாகத் தள்ள முடியவில்லை.

அங்கேதான் நம் ஊர்க்காரர் வருகிறார். தாராவி, லேபர் கேம்ப் பக்கம் நெல்லைச் சீமைக்காரர்கள் நிறைய. குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லம் என்றால் வழி சொல்ல இங்கே ஆள் இருக்கும். அந்த வல்லத்தில் 1901-இல் பிறந்தவர் எஸ். எஸ். பிள்ளை, சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரத்திலும் படித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். எந்த எண்ணையும் 73 ஆறாம் அடுக்குகளுக்குள் கூட்டி எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவியது அவர் பெயரைப் பெரிய இடங்களுக்குக் கொண்டுபோயிற்று.

அதே அண்ணாமலை வருஷங்களில் அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு சங்கதி அதிகம் பேசப்படுவதில்லை. 1933-இல் டேவிட் சாம்பர்நௌன் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் எண்களை எல்லாம் கோத்து 0.123456789101112… என்ற தசமத்தை உண்டாக்கி, அது 'இயல்பு எண்' என்று காட்டினார். அதாவது, நெடுந்தூரம் போனால் 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கமும் பத்தில் ஒரு பங்கு வரும். 00 முதல் 99 வரை ஒவ்வோர் இணையும் நூறில் ஒரு பங்கு. மும்மையும் நான்மையும் அப்படியே. பிள்ளை 1939-இலும் 1940-இலும் இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் இயல்பு எண்களைப் பற்றி இரண்டு குறுங்கட்டுரைகள் எழுதினார். சாம்பர்நௌன் எண்ணுக்குச் சுருக்கமான ஒரு வழி காட்டினார். அதைவிட முக்கியமாக, ஓர் எண் இயல்பானதா என்று அறிய இலக்கங்களை எல்லா விதமாகவும் நகர்த்திப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாக, இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக என்று வெட்டிப் போட்டு ஒவ்வொரு வெட்டிலும் பங்கு சரியாக இருந்தால் போதும் என்று நிறுவினார். இன்று பாடநூல்கள் பிள்ளை பெயரோடு சொல்லும் முடிவு அது. ஹார்டி இலக்கப் புதிர்களை ஏளனம் செய்து எழுதிய அதே 1940-இல்.

1946-இல் ஆர்தர் கோப்லண்டும் பால் எர்டோஷும், ஏறுவரிசையில் போதிய நெருக்கமாக இருக்கும் எந்த முழுவெண் வரிசையைக் கோத்தாலும் இயல்பு எண்தான் என்று பொதுமைப்படுத்தினார்கள். பகா எண்களுக்கே பொருந்துகிறது என்றால், ஒன்றுவிட்டு ஒன்று வரும் ஒற்றைப்படைகளுக்குக் கேட்க வேண்டாம். ஆகவே 0.135791113151719… இயல்பு எண். முதலில் நம்பக் கஷ்டமாக இருக்கும்: ஒவ்வொரு பெட்டியும் ஒற்றை இலக்கத்தில்தானே முடிகிறது, இரட்டை இலக்கங்களுக்குச் சம பங்கு எப்படி? நாலிலக்க ஒற்றைப்படை எண்கள் 4500. மொத்தம் 18000 இலக்கம். கடைசி இடத்தில் 4500-உம் ஒற்றை. நடு இரண்டு இடங்களில் 4500. முதல் இடத்தில் 0 வராததால் 2500. ஆக 11500, நூற்றுக்கு 64-க்குச் சற்றுக் குறைவு. ஆறிலக்கத்தில் இதையே போட்டால் 59-க்குக் கொஞ்சம் மேல். பெட்டி நீள நீளக் கடைசி இடத்தின் செல்வாக்கு கரைகிறது. பாதியைத் தொட்டுவிடாது, ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும்.

இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வரி. அதில் 7 எத்தனை வரும் என்று கேட்டால், முடிவிலி வரைக்கும் பதில் சொல்லலாம், ஏனென்றால் எழுத்தைப் பற்றி எழுத்திடமே கேட்கிறோம். அந்த வரியை இங்கே வெட்டினால் பகா எண்ணா என்று கேட்டால், எழுத்தை விட்டுப் பெருக்கலின் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இன்னும் யாரும் கதவு வைக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாகச் சோதிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. எழுத்தின் வீட்டில் வழி காட்டிய பிள்ளை, 1950-இல் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்கும் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்துக்கும் புறப்பட்டவர், ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 49.

நோட்டுக்கு வருகிறேன். வட்டத்தை அடித்துவிட்டு விஷயத்தைச் சொன்ன பிறகு, அந்தப் பெண் காற்புள்ளி போடுவதை அநேகமாக நிறுத்திவிட்டாள். அது வேறு தலைவலி. போன வாரம் ஒரு பக்கம் நிறைய வகுத்தல் போட்டுக் கொண்டுவந்தாள்.

"1 பகா எண் இல்லன்னு நீங்கதான சார் சொன்னீங்க. அதான் அத விட்டுட்டு 3-லேர்ந்து எழுதினேன்."

3. அப்புறம் 35, அது 5 × 7. 357, அது 3 × 7 × 17. 3579, அது 3 × 1193. ஐந்தாவது 357911. அதற்கு 7, 11, 13 என்று ஆரம்பித்து ஒவ்வொன்றாக வகுத்து, 67 வரை வந்து, எதுவும் போகவில்லை என்று பென்சிலைப் போட்டிருந்தாள். "பகா எண்தான சார்?" என்றாள். 67-க்கு அப்புறம் என்ன என்று கேட்டேன். 71 என்றாள். போடு என்றேன். மீதியில்லாமல் போயிற்று: 5041. அதையும் 71-ஆல் வகுத்துப் பார் என்றேன். வகுத்தாள். 71 வந்தது.

357911, 71-ஐ மூன்று தடவை பெருக்கியது.

"ஏன் சார் அப்படி வருது?"

கீழே பைப்பில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.